சனிக்கிழமைகளை வாங்குவது எப்படி: வுப்பர்டாலிலிருந்து வால்டோர்ஃபுக்கு ஒரு பேஸ்பால் பயணம்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வுப்பர்டாலிலிருந்து தெற்கே 292 கிலோமீட்டர் போய் இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டில் ஒன்றையாவது எங்கள் அணி வெல்ல வேண்டும். இரண்டும் தோற்றால் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவு. அப்படி ஆகியிருந்தால் அதற்கு ஒரே பொறுப்பாளி நான்தான் என்பதை எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் சிறு ஊர் அணிகளைப் பின்தொடர்ந்து போக நினைப்பவர்களுக்கும், அதைவிட விபரீதமாக, அப்படி ஓர் அணியின் பணத்தை எதில் செலவழிப்பது என்று யோசிப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

நான் எப்படி பேஸ்பாலில் வந்து விழுந்தேன் என்று கேட்பீர்கள். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு பேஸ்பால் தானாகவே தெரியும் என்று ஜெர்மானியர்கள் நம்புகிறார்கள். வால்டோர்ஃபில் ஆறு வருடம் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வுப்பர்டாலுக்கு மாறி வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். இடையில் நான் காபி எடுக்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தேன். யாரும் எதிர்க்கவில்லை. வெளியே இருந்த நான் உட்பட.

ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்க எங்களிடம் வருடத்துக்கு 9,000 யூரோ. போன வருடம் அதை முழுவதும் ஓர் அமெரிக்கர் மேல் போட்டோம். ஆறு மாதச் சம்பளம் 5,400, அறை வாடகை 2,100, விமானச் சீட்டு 1,150, ஒரு பழைய சைக்கிளும் பூட்டும் 350. அவர் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அருமையாக வீசினார். சிக்கல் என்னவென்றால், அவர் வீசிய பந்தைப் பிடிக்க எங்களிடம் ஆள் இல்லை. பேஸ்பாலில் மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவரை கேட்சர் என்பார்கள். நம் விக்கெட் கீப்பர் மாதிரி. எங்கள் கேட்சர் அந்தப் பந்துகளில் பாதியைத் திரும்பி ஓடிப்போய் வேலியோரத்தில் பொறுக்கினார். அதற்குள் எதிரணி ஓடி முடித்துவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. எங்கள் பிரிவில் சனிக்கிழமைக்கு இரண்டு ஆட்டம். வெளிநாட்டு பிட்சர் அதில் ஒன்றில் மட்டும்தான் வீசலாம். ஆக நாங்கள் வாங்கியது அரை நாள் ஆள். அவரையும் பிடிக்க ஆள் வாங்கவில்லை.

இந்த வருடம் நான் இரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். அமெரிக்கர் வேண்டாம். நெதர்லாந்திலிருந்து யோரிஸ் என்ற 36 வயது கேட்சர். இரண்டு ஆட்டத்திலும் ஆடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் வென்லோவில் இருந்து தன் காரிலேயே வருவார். பெட்ரோலோடு சேர்த்து நாளுக்கு 300 யூரோ, பன்னிரண்டு நாளுக்கு 3,600. அடுத்தது கஜன். வுப்பர்டாலில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 27 வயது, எங்கள் ஒரே நல்ல உள்ளூர் பிட்சர். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. போன வருடம் சனிக்கிழமை ஷிப்ட் காரணமாகப் பாதிக்கு மேல் ஆட்டங்களுக்கு வரவில்லை. அவர் சனிக்கிழமை வேலையை விட்டால் இழக்கும் தொகை 130 யூரோ. அதைக் கழகம் கொடுக்கட்டும், 1,560. தூரப் பயணம் நான்கு. காலையில் மூன்றரை மணி நேரம் வண்டியில் மடங்கி உட்கார்ந்துவிட்டு இறங்கியதும் ஆடுவதை நிறுத்திவிட்டு, முந்தைய நாளே போய்ப் படுத்துத் தூங்கட்டும், 2,624. மிச்சம் 1,216ல் பந்துகளும், மைதானத்தை மட்டமாக்க மண்ணும். சுருக்கமாகச் சொன்னால், புதிய ஆட்களை வாங்காதீர்கள், இருக்கும் ஆட்களின் சனிக்கிழமைகளை வாங்குங்கள்.

திட்டம் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. எங்கள் புரவலர் நாதன் அண்ணைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அவருக்கு வுப்பர்டாலில் மளிகைக் கடை. "தம்பி, காசு குடுக்கிறது நான். ஒரு அமெரிக்கன் நிண்டால் கடைக்கு வாறவை ஆரெண்டு கேப்பினம். இப்ப என்ன சொல்லுறது? காசைப் படுக்கையில போட்டிருக்கிறம் எண்டோ?" என்றார். அணி கீழே இறங்கினால் அடுத்த வருடப் பணம் கால்பந்து அணிக்குப் போகும் என்பதையும் மரியாதையாகச் சொல்லிவைத்தார்.

இனிப் பயணம்.

வெள்ளிக்கிழமை மாலை 3.10க்குக் கிளம்பினோம். ஒன்பது பேர் அமரும் வேன் இரண்டு. சாதாரண கார் உரிமம் போதும். இரண்டு நாள் வாடகை ஒன்றுக்கு 212 யூரோ. யோரிஸையும் சேர்த்து ஆட்டக்காரர்கள் பதினான்கு, ஸ்கோர் எழுதுபவர் ஒருவர், நான். மட்டைகளும் மூட்டைகளும் நாதன் அண்ணை ஓட்டிய கடை வண்டியில் பின்னால் வந்தன, அரிசி மூட்டைகள் வழக்கமாக வரும் இடத்தில். லெவர்குசன் பாலத்தில் 35 நிமிடம் நின்றோம். வெள்ளிக்கிழமை அந்தப் பாலத்தில் நிற்காமல் போனவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. நீங்கள் இரண்டு மணிக்கு முன் கிளம்புங்கள்.

5.25க்குக் கோப்லென்ஸ் தாண்டி நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினோம். கழிவறைக்கு ஒரு யூரோ; அந்தச் சீட்டைக் காட்டினால் கடையில் ஒரு யூரோ தள்ளுபடி; தள்ளுபடிக்குப் பிறகும் காபி மற்ற இடங்களைவிட விலை அதிகம். வெளியே மர மேசையில் உட்கார்ந்திருந்தோம். கஜனின் கைபேசி அடித்தது. திரையில் 'செல்வி அக்கா' என்று வந்தது. முதியோர் இல்லத்தில் அவர் வேலை செய்யும் தளத்தின் பொறுப்பாளர்.

ஜெர்மனியில் விடுமுறை நாளில் வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டியதில்லை. இது சட்டம் என்பதற்கும் மேல். ஒரு சமய நம்பிக்கை. எங்கள் அணியில் பதின்மூன்று பேர் அந்தச் சமயம். கஜன் எடுத்தார். ஒரு நிமிடம் கேட்டார். "ஓம் அக்கா... சரி அக்கா... பாக்கிறன் அக்கா" என்றார். வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வரட்டாம். ஒராள் சுகமில்லை எண்டு லீவு எழுதிப் போட்டுதாம்."

"நீ வரமாட்டேன் என்று சொன்னாயா?" என்றார் யோரிஸ், கஜன் அதையே ஜெர்மனிலும் சொன்ன பிறகு.

"பாக்கிறன் எண்டு சொன்னனான்."

"அப்படியென்றால்?"

நாதன் அண்ணைதான் தெளிவுபடுத்தினார். "எங்கட பெடியன் ஒரு அக்காவுக்குப் பாக்கிறன் எண்டு சொன்னால், வாறன் எண்டுதான் அர்த்தம்."

யோரிஸ் தலையில் கை வைத்தார். "ஏன் எடுத்தாய்? அடிக்கும். பிறகு நின்றுவிடும். அவ்வளவுதானே?"

"அக்கா கோல் பண்ணினால் எடுக்காமல் இருக்க ஏலாது. நாளைக்குக் கோயிலில கண்டால் என்னெண்டு முழிக்கிறது?"

என் இரண்டு பக்கத் திட்டத்தில் இருந்த ஓட்டை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பன்னிரண்டு சனிக்கிழமைகளை வாங்கியிருந்தேன். அவற்றுக்கு முந்தைய வெள்ளி மாலைகளை வாங்க மறந்திருந்தேன். கஜன் இல்லையென்றால் இரண்டாவது ஆட்டத்தில் வீச எங்களிடம் இருந்தது ஒரு பல் மருத்துவர். நல்ல மனிதர். பந்தை மெதுவாக, வலிக்காமல் வீசுவார்.

நான் திரும்ப அழைக்கச் சொன்னேன். கஜன் கைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

"வணக்கம்ங்க. நான் கஜனோட கிளப் பொருளாளர் பேசறேன்."

"ஆர், அந்த எக்ஸல் அண்ணையோ? கஜன் சொல்லுறவன்." குரலில் அவசரம் இருந்தது. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். "சொல்லுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ."

நாளைய ஆட்டம் எவ்வளவு முக்கியம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணை, எனக்கு உங்கட பந்து விளங்காது. இங்க பதினாலு பேர் கட்டிலில கிடக்கினம். ஒருத்தரும் தாங்களா எழும்பிப் பல்லுத் தீட்டப் போறேல்லை."

எங்களுடைய பதினான்கு பேரும் எழும்பிப் பல் தீட்டக்கூடியவர்கள். வேறு வழியில்லாமல், பொருளாளர்கள் எல்லோரும் செய்யும் தவறைச் செய்தேன். யாராவது வர முடியுமென்றால் கழகம் ஒரு தொகை தரலாம் என்றேன்.

"காசோ? காசுக்கு ஆள் வருமெண்டால் நான் ஏன் இவனுக்கு அடிக்கிறன்?"

அந்த ஒரு வரியில் ஜெர்மனியின் பராமரிப்புத் துறை முழுவதும் இருந்தது. அப்போது நாதன் அண்ணை என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "செல்வியின்ர தங்கச்சி மகளுக்கு ஒக்டோபரில சாமத்தியச் சடங்கு. மண்டபத்துக்கு அரிசி என்ர கடையாலதான் போகுது. ரெண்டாவது சனி. லீவு கிடைக்கேல்லை எண்டு போன கிழமை கடையில நிண்டு அழாக்குறை."

இங்கே நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஜெர்மனியில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் சாமத்தியச் சடங்கு என்பது, பெண் பெரியவளானதைக் கொண்டாட நானூறு பேர், மண்டபம், வீடியோ, மேடை அலங்காரம் என்று ஒரு வருடம் முன்பே நாள் குறிக்கும் காரியம். சொந்தப் பெரியம்மா அதில் இல்லாமல் இருக்க முடியாது. இன்னொரு உண்மை, அந்த மேசையில் எனக்கு மட்டும் உறைத்தது: பேஸ்பால் பருவம் ஆகஸ்டில் முடிகிறது. அக்டோபரின் சனிக்கிழமைகள் எங்களுக்கு ஒரு காசுக்கும் பிரயோசனம் இல்லாதவை. பருவத்துக்கு வெளியே ஏறக்குறைய முப்பது சனிக்கிழமைகள் சும்மா கிடந்தன. நானோ பன்னிரண்டை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உங்களுக்கு ட்யூட்டியா?" என்று கேட்டேன்.

தட்டுச் சத்தம் நின்றது.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அன்னைக்கு கஜன் உங்க ட்யூட்டி பார்ப்பார். நாளைக்கு..."

"நாளைக்கு நான் லீவு." தாள் புரளும் சத்தம். "நாளைக்கு நான் வந்தால், அவன் சனியும் செய்யோணும், ஞாயிறும் செய்யோணும்."

கஜன் தலையாட்டினார்.

"வெள்ளி பின்னேரமும். மேடைச் சோடினை செய்யப் போகோணும்."

"அக்கா!" என்றார் கஜன். "எனக்கும் கார்ட் வந்தது. நானும் சடங்குக்கு வாறதா இருந்தனான்."

"உனக்குச் சாப்பாடு கட்டிக் கொண்டு வாறன். ரோல்ஸும் வைக்கிறன். ஓமோ, இல்லையோ?"

"ஓம் அக்கா."

"சரி. இப்பவே மாத்தி எழுதிப்போடுறன். இனி நீ தோத்துப்போட்டு வந்து என்ர முன்னால நிக்கக்கூடாது. கேட்டியோ?"

அழைப்பு முடிந்தது. நாதன் அண்ணை எழுந்து போய் எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார், அந்த விலையில். நான் அவரிடம் நன்றி சொன்னேன். "அரிசி விக்கிறவனுக்கு எந்த வீட்டில எப்ப விசேஷமெண்டு தெரியும் தம்பி" என்றார். மூன்று வருடமாக அவரிடமிருந்து பணம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தோம். அவரிடம் இருந்ததில் மலிவான பொருள் அதுதான் போலிருக்கிறது.

5.55க்குக் கிளம்பி 7.45க்கு வால்டோர்ஃபுக்குப் பக்கத்து ஊரில் விடுதியை அடைந்தோம். கட்டட வேலைக்கு வருபவர்கள் தங்கும் விடுதி. படுக்கைக்கு 41 யூரோ, பதினாறு பேருக்கு 656. சுத்தமான விரிப்பு, பொதுச் சமையலறை, ஒன்பதரைக்கே அடங்கிவிடும் மனிதர்கள். ஆட்டக்காரர்களைத் தூங்கவைக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நட்சத்திர விடுதியில் போட்டால் குளியல்தொட்டியைப் பரிசோதித்துக்கொண்டே விழித்திருப்பார்கள். நாதன் அண்ணை மன்ஹைமில் மச்சான் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் குளிர்ப்பெட்டி நிறைய இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். யோரிஸ் பதினாறு இடியப்பம் சாப்பிட்டார். நான் எண்ணினேன், அது என் பதவி.

மைதானம் விடுதியிலிருந்து 3 கிலோமீட்டர், அஸ்பாரகஸ் வயல்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையில். இதற்கு இவ்வளவு பக்கத்தில் ஆறு வருடம் வாழ்ந்திருக்கிறேன். இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வால்டோர்ஃபில் வாழும் நம் ஆட்களுக்கு அலுவலகம், இந்தியக் கடை, ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம் ஆகிய மூன்று இடங்கள்தான் ஜெர்மனி. இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்து நுழைவு 5 யூரோ. வெயில் 31 பாகை.

முதல் ஆட்டம் 12 மணிக்கு. எதிரணியின் அமெரிக்க பிட்சர் வீசினார்; கஜனை நாங்கள் இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்திருந்தோம். எங்கள் ஆட்கள் மட்டையைச் சுற்றினார்கள். பந்து ஏற்கெனவே போயிருந்தது. 9-1. அந்த ஒன்றும் அவர்கள் கருணையால் வந்தது.

"பாத்தியளோ?" என்றார் நாதன் அண்ணை. "அதுதான் ஆள்."

"இனி அவர் வீச முடியாது அண்ணை. விதி."

"அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆள் எண்டால் அதுதான் ஆள்."

அடுத்த இரண்டரை மணி நேரத்துக்குள் என் திட்டம் பலித்தாக வேண்டும். சாப்பிட முடியவில்லை. வறுத்த தொத்திறைச்சி ஒன்று 3.50 கொடுத்து வாங்கி, கையிலேயே வைத்திருந்துவிட்டு அண்ணையிடம் கொடுத்தேன்.

இரண்டாவது ஆட்டம் 3.10க்கு. இப்போது இரண்டு பக்கமும் உள்ளூர் பிட்சர்கள். கஜன் வேகமாக வீசுபவர் அல்ல. அவருடைய பந்து மட்டையாளருக்கு முன்னால் வந்து சட்டென்று கீழே விழும். சில சமயம் மண்ணிலேயே குத்தும். அப்படிப்பட்ட பந்தை வீச ஒரு துணிச்சல் வேண்டும்: பின்னால் இருப்பவன் விடமாட்டான் என்று. போன வருடம் அந்தப் பந்தை அவர் வீசியதே இல்லை. இந்த வருடம் யோரிஸ் மார்பு, தோள், முழங்கால் என்று எதையாவது குறுக்கே போட்டு அதை நிறுத்துகிறார். எங்கள் கழகம் 3,600 யூரோவுக்கு வாங்கியது, உண்மையில், கஜனின் அந்தப் பந்தைத்தான்.

இந்த ஆட்டம் ஏழு சுற்று. கடைசிச் சுற்று தொடங்கும்போது 4-3 என்று முன்னால் இருந்தோம். அந்தச் சுற்றில் இரண்டு பேரை வெளியேற்றியாயிற்று; இன்னும் ஒரே ஓர் ஆளை வெளியேற்றினால் ஆட்டம் எங்களுடையது. எதிரணியின் ஓட்டக்காரர் மூன்றாவது தளத்தில் நின்றார். மட்டையாளர் நிற்கும் வீட்டுத்தளத்தை அவர் வந்து தொட்டால் சமன். அடுத்து மட்டை பிடிக்க வரிசையில் நின்றவர்கள் அடுத்து வீசத் தயாராக நின்ற எங்கள் பல் மருத்துவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். கஜன் களைத்துவிட்டது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கஜன் அந்தப் பந்தை வீசினார். மண்ணில் குத்தி எகிறியது. மூன்றாவது தளத்தில் நின்ற ஓட்டக்காரர் ஓடத் தொடங்கிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஆகவே இனிச் சொல்வது அண்ணை சொன்னது. பந்து யோரிஸின் மார்பில் பட்டு இரண்டடி முன்னால் விழுந்தது. போன வருடம் என்றால் வேலி வரை போயிருக்கும். யோரிஸ் முழங்காலிலேயே நகர்ந்து அதை எடுத்து, பாய்ந்து வந்த ஓட்டக்காரரின் தொடையில் தொட்டார். நடுவர் அவுட் என்று கையை உயர்த்தினார்.

நான் கண் திறந்தபோது கஜன் மண்ணில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் யோரிஸ் மேல் கிடந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி வந்ததா என்றால், அது பிறகு வந்தது. முதலில் வந்தது பசி.

கஜன் செல்வி அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். பதில் உடனே வந்தது: "நல்லது. ஒக்டோபர் வெள்ளி பின்னேரம் ஒரு மணிக்கு வரோணும், மறக்காத."

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலில் என்றால் வுப்பர்டாலிலிருந்து கொலோன், மன்ஹைம் மாறி வால்டோர்ஃப் பக்கம் வர மூன்று மணி நேரம், இணைப்புகள் ஒத்துழைத்தால். அவை ஒத்துழைக்கும் என்று வைத்துத் திட்டமிடாதீர்கள். மைதானத்தில் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். அட்டையில் பணம் வாங்கமாட்டார்கள். முதல் ஆட்டத்தில் வெளிநாட்டு பிட்சரைப் பாருங்கள், இரண்டாவதில் கேட்சரைப் பாருங்கள். எங்கள் மொத்தப் பயணச் செலவு வேன் 424, டீசல் 142, படுக்கை 656, ஆக 1,222 யூரோ.

நீங்கள் ஒரு சிறு அணியின் பணத்துக்குப் பொறுப்பென்றால், ஆள் தேடுவதற்கு முன் உங்கள் ஆட்களின் வேலை அட்டவணைகளைக் கேட்டு வாங்குங்கள். யாருடைய இடத்தில் யார் நிற்க வேண்டியிருக்கிறது, அவர்களுக்கு எந்த நாள் வேண்டும் என்று விசாரியுங்கள். திறமைக்குச் சந்தை விலை உண்டு. அதில் பெரிய அணிகளோடு உங்களால் போட்டி போட முடியாது. ஓய்வுநாளுக்குச் சந்தையே இல்லை. கடையில் அரிசி விற்பவர் எவராவது கழகத்தில் இருந்தால் அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளிப் பட்டியலில் கீழிருந்து இரண்டாவது இடத்தில் முடித்தோம். அந்த இடத்தின் அருமை அதற்குக் கீழே கோடு போட்டிருப்பதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான் திங்கட்கிழமை காலை அதை மூன்று தடவை பார்த்தேன்.

நாதன் அண்ணை அடுத்த வருடமும் பணம் தருகிறார். கடை வாசலில் பெரிய பதாகை ஒன்றும் வைத்திருக்கிறார். முகமூடிக் கம்பிக்குள் யோரிஸ், முழங்காலில், கையில் பந்து. முகம் சுத்தமாகத் தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் யார் என்று கேட்கிறார்களாம். "எங்கட கீப்பர்" என்று சொல்கிறாராம். நான் திருத்தவில்லை.